எர்ணாவூருக்குக் கிழக்கே ஒரு கறுப்புத் துடுப்பு

வடசென்னை காலடிப்பேட்டையில் என் வீட்டிலிருந்து எர்ணாவூர் குப்பத்துக்கு நாலரை கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். ஓர்கா திமிங்கிலம் பார்க்க நார்வே போகப்போகிறேன் என்று பத்து வருடமாகச் சொல்லி, பாஸ்போர்ட் எடுத்ததோடு நின்றவன் நான். கடைசியில் தரை வழியாக நான் போன தூரம் இவ்வளவுதான்.

காரணம் தேவி. அந்தக் குப்பத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருபவர். போன மாதம் கூடையை இறக்கிவைத்துவிட்டு அழாக்குறையாகப் பேசினார். அவர் கணவர் செல்வம் தனியாகக் கடலுக்குப் போன அன்று, ஆள் உயரத் துடுப்போடு கறுப்பாக ஒன்றைப் பார்த்தாராம். டால்பினை அங்கே ஓங்கில் என்பார்கள். "ஓங்கிலப் பாத்துட்டு உளர்றான்னு குப்பமே சிரிக்குது சார்" என்றார். போனில் ஓர்கா படத்தைக் காட்டினேன். "அய்ய, இத்தான் சார் எங்க வூட்டுக்காரரு சொன்னது!"

சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. மீன் கூட்டத்தைக் கண்டவர் போன் போட்டு மற்ற படகுகளைக் கூப்பிடுவது அந்தக் குப்பத்து வழக்கம். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் மற்றவர்கள் டீசலை எரித்துக்கொண்டு வருவார்கள். இப்போது செல்வம் கூப்பிட்டால் யாரும் வருவதில்லை. அவர்கள் கண்டதை இவருக்குச் சொல்வதும் இல்லை. கூடப் போய்வந்த ஆளும் வேறு படகுக்குப் போய்விட்டார். கேமராவோடு ஒரு சாட்சி தேவைப்பட்டது. நான் கிடைத்தேன்.

காலை 5.40. ஃபைபர் படகைத் தள்ளும்போதே தேவியின் தம்பி குமார் கரையிலிருந்து குரல் கொடுத்தார். "இன்னா மாமா, திமிங்கிலத்துக்கு டிபன் எடுத்துக்கினியா?" செல்வம் படகைத் தள்ளிக்கொண்டே இருந்தார். என்னிடம் மட்டும், "குந்து சார். அலை தாண்டறவரிக்கும் எழுந்துக்காத" என்றார்.

7.15. கரையிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் இருக்கும் என்றார். அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் பின்னால் சிறுத்துவிட்டன. துறைமுகத்துக்குள் போக முறை வராத கப்பல்கள் வரிசையாக நின்றன. அதற்குள் நான் இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தேன். செல்வம் வலையை இறக்கி, ஒரு முனையைப் படகில் கட்டினார். இனி மூன்று மணி நேரம் சும்மா காத்திருக்க வேண்டும் என்று சொல்லி, பொட்டலத்தைப் பிரித்து எனக்கு இட்லி கொடுத்தார்.

7.45. பிரஷர் குக்கர் மூச்சுவிட்டதுபோல ஒரு சத்தம். திரும்பினேன். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நெட்டுக்குத்தாக ஒரு கறுப்புத் துடுப்பு. பின்னாலேயே இன்னும் இரண்டு, அவற்றை ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி. கண்ணுக்குப் பின்னால் அந்த வெள்ளைத் திட்டு. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமே இல்லாமல் அழுதேன். அழுதுகொண்டே போனைத் தூக்கினேன்.

"போன உள்ள வையி சார். வலைய இழு!"

"போட்டு அரை மணிகூட ஆகலையே?"

"குட்டி வலையாண்ட வருது. மாட்டிக்கினா மேல வந்து மூச்சு வுட முடியாது, செத்துப்பூடும். ஒத்தக் கையால ஆவாது, வா சார்!"

"போட்டோ செல்வம்?"

"அது கெடக்குது. இழு!"

இருபது நிமிடம் இழுத்தோம். நைலான் என் விரல்களை அறுத்தது. கடைசி மிதவை படகுக்குள் விழுந்தபோது துடுப்புகள் தெற்கே எங்கேயோ போய்விட்டிருந்தன. அவசரமாக எடுத்த ஒரே படத்தில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. செல்வம் அதை வெகுநேரம் பார்த்தார். மறுபடி வலை போடவில்லையா என்றேன். "குட்டி திரும்பி வந்தா இன்னா பண்றது சார்?" என்று மோட்டாரைக் கிளப்பினார்.

10.00. கரையில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். குமார்தான் முதலில் கேட்டார். "போட்டோ காட்டு சார்." காட்டினேன். ஒரே சிரிப்பு. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"இந்தக் கையைப் பாருங்க! போட்ட வலையை அரை மணியில இழுக்கவச்சாரு உங்க மாமா. குட்டி மாட்டிக்கும்னு!"

சிரிப்பு நின்றுவிட்டது. நான் என்ன சொல்லிவிட்டேன் என்பது எனக்கே அப்போது புரியவில்லை. குமார் படகுக்குள் குனிந்து, குவிந்து கிடந்த வலையைப் புரட்டினார். ஒரு மீன் இல்லை. இவ்வளவு தூரம் டீசல் எரித்துப் போய்ப் போட்ட வலையை, பொய்யைக் காப்பாற்றுவதற்காக வெறுமனே இழுக்கிற மீனவர் அங்கே யாரும் கிடையாது.

அன்று மாலை வீட்டில் அந்தப் புள்ளியைக் காட்டினேன். காக்கா என்றாள் என் மனைவி. தெளிவாக ஒரு படம்கூட எடுக்கத் தெரியாதா என்றான் மகன். என்ன சொல்லியும் எடுபடவில்லை. இரண்டு ஊருக்கும் நடுவே வெறும் நாலரை கிலோமீட்டர்தான்.

ஆனால் காலையில் குப்பத்தில், அந்த வெறும் வலையைப் பார்த்த பிறகு யாரும் படத்தைக் கேட்கவில்லை. குமார் கையைத் துடைத்துக்கொண்டு செல்வத்திடம் வந்தார். குரலில் கிண்டல் இல்லை.

"எந்தாண்ட மாமா? நாளைக்கு அங்க வலை போட வாணான்னு சொல்லிடறேன்."

செல்வம் கிழக்கே கை நீட்டினார். குமார் அந்தத் திசையைப் பார்த்தபடியே, மற்ற படகுக்காரர்களைக் கூப்பிடப் போனை எடுத்தார்.