பதினான்காம் கேட் ஜூடித்

ஐந்து வருஷமாக ஜூடித் அந்தக் கல்லூரி மைதானத்தில் நடந்த ஒரு ஆட்டத்துக்குக்கூடப் போகாமல் இருந்ததில்லை. ஆனால் ஒரு ஆட்டத்தைக்கூடப் பார்த்ததும் இல்லை. மஞ்சள் ஜாக்கெட் போட்ட மைதானக் காவல் ஊழியர்கள் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூட்டத்தின் முகத்தைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும் என்பது விதி. பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குக் கால்பந்து என்று பெயர் வைத்த ஊரில், இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்று அவளும் நின்றுகொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் யார் ஜெயிக்கிறார்கள் என்பதை எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் முகத்தை வைத்தே சொல்லிவிடுவாள்.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஊர் நாசரேத். அமெரிக்கா வந்து இருபத்து நான்கு வருஷம். அதில் பாதியை நியூ ஜெர்சி பார்சிப்பனியில், ஒரு பல் மருத்துவக் காப்பீட்டு ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் கழித்தாள். கணவர் ஐசக்குக்கு டெக்ஸாஸில் வேலை மாற்றம் வந்தது. ப்ளேனோவில் வீடு வாங்கினார்கள். பிறகு அவர் ரிட்டயர் ஆகி, சோபாவும் டிவியுமாக உட்கார்ந்துவிட்டார். அந்த வரவேற்பறையில் அவருக்கும் டிவிக்கும்தான் இடம் இருந்தது, மூன்றாவது ஆளுக்கு இல்லை. சர்ச்சில் ஒருத்தி இந்தச் சனிக்கிழமை வேலையைப் பற்றிச் சொன்னதும், யோசிக்காமல் சேர்ந்துவிட்டாள். முட்டி வலி இருப்பவள் ஏழு மணி நேரம் நிற்கிற வேலைக்குப் போவாளா என்று ஐசக் கேட்டதற்கு, வீட்டில் உட்கார்ந்தாலும் அது வலிக்கத்தானே செய்கிறது என்றாள்.

அவளுக்குக் கொடுத்த இடம் பதினான்காம் கேட். மாணவர்கள் உட்காரும் பகுதிக்குக் கீழே, மைதானத்தை ஒட்டி நெஞ்சளவு இரும்புக் கம்பி ஓடும். அதில் ஒரு சின்னக் கதவு. மேலே இருந்து படிகள் நேராக அந்தக் கதவுக்கு இறங்கும். சாதாரண நாளில் அங்கே வேலையே இல்லை. குட்டையாக இருக்கிற வயசான பெண்ணுக்கு இதுதான் சௌகரியம் என்று சூப்பர்வைசர் டார்லீன் நினைத்திருக்கலாம்.

ஆனால் சாதாரணமில்லாத நாள் ஒன்று உண்டு. பெரிய அணி ஒன்றை நம் கல்லூரிப் பிள்ளைகள் ஜெயித்துவிட்டால், மேலே இருக்கிற கூட்டம் மொத்தமும் மைதானத்துக்குள் இறங்கும். கோல் கம்பத்தைப் பிடுங்கித் தூக்கிக்கொண்டு போனால்தான் அவர்களுக்கு ஜென்மம் சாபல்யம். ஒலிபெருக்கியில் இறங்காதே, இறங்காதே என்று கத்துவார்கள்; அதை யார் கேட்டது. அதனால் பயிற்சி வகுப்பில் டார்லீன் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுவாள். கூட்டத்தைத் தடுக்காதே. தடுத்தால், பின்னால் இருக்கிறவனுக்கு ஒன்றும் ஆகாது, முன்வரிசையில் கம்பியோடு நசுங்குகிறவன்தான் சாவான். இடுப்பில் மாட்டியிருக்கிற ரேடியோவில் உத்தரவு வந்ததும் கேட்டைத் திற, ஒதுங்கி நில், வழியைக் காட்டு. இரைச்சலில் வாய் உதவாது, கையால் பேசு.

வகுப்பில் காட்டிய வீடியோ ஒன்றில், கம்பிக்கும் கூட்டத்துக்கும் நடுவே ஒரு பையனின் முகம் நீலம் பாரித்துக் கிடந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து ஜூடித்துக்குச் சனிக்கிழமை காலை ஜெபம் ஒன்றுதான். கர்த்தாவே, என் கேட்டில் எந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகக் கூடாது. யார் ஜெயித்தால் அவளுக்கென்ன? உண்மையைச் சொன்னால், நம் பிள்ளைகள் தோற்கட்டும் என்றே நாலு வருஷமும் வேண்டிக்கொண்டாள். அவர்களும் மனம் கோணாமல் தோற்றுக்கொண்டே வந்தார்கள்.

ஐந்தாம் வருஷம், அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, ஜெயித்துத் தொலைத்தார்கள்.

பகல் பன்னிரண்டு மணிக்கு ஆட்டம். வெயில் தலையைப் பிளந்தது. மூன்று மணிக்குமேல் பிள்ளைகளின் முகம் மாறத் தொடங்கியது. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள், எழுந்தவர்கள் படிக்கு வந்தார்கள். மூன்றரைக்கு ரேடியோவில் "திற" என்று உத்தரவு வந்தது. ஜூடித் தாழ்ப்பாளை விலக்கி, கதவை முழுசாக இழுத்துக் கொக்கியில் மாட்டினாள். ஒதுங்கி நின்றாள். கையை நீட்டி, வாங்க வாங்க என்று கூப்பிட்டாள்.

இரண்டு பக்கமும் பிள்ளைகள் கம்பி ஏறிக் குதித்தார்கள். அவள் எதிரே படியில் நின்றவர்கள் மட்டும் வரவில்லை. முன்னால் நின்ற நாலைந்து பேர் அவளைப் பார்த்தார்கள், தயங்கினார்கள், நின்றுவிட்டார்கள். திறந்த வீட்டில் நாய் நுழைகிற மாதிரி நுழைவார்கள் என்று பார்த்தால், கூப்பிட்டும் வராமல் நிற்கிறார்களே என்று அவளுக்குப் பதறியது. இன்னும் வேகமாகக் கூப்பிட்டாள். இரண்டு கையாலும் கூப்பிட்டாள். அவள் கூப்பிடக் கூப்பிட அவர்கள் பின்வாங்கினார்கள். மேலே இருந்து கூட்டம் இறங்கிக்கொண்டே இருந்தது. நான்காம் படியில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெண், ஜூடித்தின் கையைப் பார்த்துவிட்டு, திரும்பி மேலே ஏறப் பார்த்தாள். ஏறுகிறவளும் இறங்குகிறவர்களும் முட்டிக்கொண்ட இடத்தில் அந்தப் பெண் காணாமல் போனாள். ஒரு கை மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

ஜூடித் படியேறி ஓடினாள். முட்டி வலியெல்லாம் அப்போது எங்கே போனதோ. கைப்பிடிக் கம்பியைக் கட்டிக்கொண்டு, வருகிறவர்களை முதுகால் தாங்கி, நில்லுங்கடா பாவிகளா என்று தமிழில் கத்தினாள். அடுத்த கேட்டிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்து அந்தப் பெண்ணை இழுத்தெடுத்தார்கள். தோள்பட்டையும் மணிக்கட்டும் ஒடிந்திருந்தன. ஸ்ட்ரெச்சரில் வைத்துக் கொண்டுபோகும்போது முகத்தில் முடி விழுந்து கிடந்ததால் முகம் தெரியவில்லை. மூச்சு இருந்தது. அது ஒன்றே போதும் என்று ஜூடித் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பின்னால் கோல் கம்பம் சாய்கிற சத்தமும் ஆரவாரமும் கேட்டன. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டம் போனபின் படியில் ஒற்றைச் செருப்பும் ஷூவுமாக இறைந்து கிடந்ததை ஒரு பெட்டியில் பொறுக்கிப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

செவ்வாய்க்கிழமை டார்லீன் ஆபீஸுக்கு வரச் சொன்னாள். யாரோ மாணவன் மேலே இருந்து எடுத்த வீடியோ ஒன்றைக் காட்டினாள். அதில் கேட் திறந்திருக்கிறது, ஜூடித் பக்கத்தில் நிற்கிறாள், கையை ஆட்டுகிறாள். டார்லீன் நல்லவள், குரலை உயர்த்தவில்லை. உத்தரவு வந்த பிறகும் ஏன் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினாய் என்று மட்டும் கேட்டாள்.

ஜூடித்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. அனுப்பவில்லை, கூப்பிட்டேன் என்றாள். எப்படிக் கூப்பிட்டாய், காட்டு என்றாள் டார்லீன். ஜூடித் கையை நீட்டினாள். உள்ளங்கை தரையைப் பார்க்க, நாலு விரலையும் மடக்கி மடக்கிக் காட்டினாள். பிறந்ததிலிருந்து அவள் வா என்று சொல்கிற விதம் அதுதான். நாசரேத்தில் கோழிகூட அதற்கு வரும்.

 டார்லீன் தன் கையை நீட்டி, உள்ளங்கையை மேலே திருப்பி, விரலைத் தன் பக்கம் மடக்கினாள். இதுதான் வா, என்றாள். நீ காட்டியது போ, கண்ணே.

பயிற்சி வகுப்பில் நில் என்பதற்குக் கை சொல்லித் தந்தார்கள், குனி என்பதற்குச் சொல்லித் தந்தார்கள். வா என்பதற்கு மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. அது உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த கை என்று அவர்களும் நினைத்தார்கள், அவளும் நினைத்தாள். ஜூடித்துக்கு மனசு பின்னோக்கி ஓடியது. பார்சிப்பனி ஆபீஸில் கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் போன பெண், பக்கத்து வீட்டில் கேக் கொடுக்கக் கூப்பிட்டபோது அழுதுகொண்டே உள்ளே ஓடிய குழந்தை. எத்தனை பேரை வா வா என்று விரட்டியிருக்கிறாளோ.

டார்லீன் ஒரு படிவத்தைக் கொடுத்தாள். அன்றைக்கு இரைச்சலில் ரேடியோ பலருக்குச் சரியாகக் கேட்கவில்லையாம். உனக்கும் கேட்கவில்லை என்றால் அதையே எழுதலாம் என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். ஐசக்கும் வீட்டில் அதையேதான் சொன்னார்.

"ரேடியோ கேக்கலன்னு எழுதிட்டு வந்திரு. கையை எப்படி ஆட்டினா என்ன, தொறந்த கேட்டு கண்ணுக்குத் தெரியாதா அவனுவளுக்கு?"

"ரேடியோ நல்லாத்தான் கேட்டுச்சு," என்றாள் ஜூடித். "நான் பொய் எழுதுனா ரேடியோவை மாத்துவாங்க. என் கைய யாரு மாத்துவா?"

நான் கூப்பிட்டேன், அவர்கள் போகச் சொன்னதாக நினைத்துக்கொண்டார்கள் என்று இரண்டே வரியில் எழுதிக் கொடுத்தாள். அவளைக் கார் நிறுத்துமிடத்துக்கு மாற்றினார்கள். அத்தோடு முடிந்தது என்று நினைத்தாள். உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை சர்ச் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஜெப விண்ணப்பம் வந்தது. தமிழ்ப் பள்ளி டீச்சர் வான்மதியின் மகள் மாளவிகா கல்லூரி மைதானக் கூட்டத்தில் மிதிபட்டு, தோளில் ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருக்கிறாள், எல்லோரும் ஜெபித்துக்கொள்ளுங்கள். ஜூடித் அதை மூன்று தரம் படித்தாள். வான்மதியை இரண்டு மூன்று விழாக்களில் பார்த்திருக்கிறாள், வீட்டுக்குப் போனதில்லை. போக வேண்டாம், உன்னை வேலைக்கு வைத்த கம்பெனிக்காரர்கள் பேசக் கூடாது என்று சொல்லியிருப்பார்கள் என்று ஐசக் தடுத்தார். எலும்பு ஒடிந்த வீட்டுக்கு ஆட்டுக்கால் சூப் கொண்டுபோவதுதான் வழக்கம். அவர்கள் சைவமோ என்னவோ என்று ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு மத்தியானமே கிளம்பினாள்.

வான்மதி முகமலர்ச்சியோடு வரவேற்றாள். எதிர்பார்க்கவில்லையே அக்கா என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். சோபாவில் தலையணைகளுக்கு நடுவே, வலது கை மார்போடு கட்டப்பட்டு ஒரு பெண் சாய்ந்திருந்தாள். கறுத்த, மெலிந்த, நம் வீட்டுப் பெண். ஹாய் ஆன்ட்டி என்றாள். 

காபி வந்தது. வான்மதி நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கு ஆத்திரம் ஏறியது.

"யாரோ ஒரு பொம்பளையாம் அக்கா. கேட்டைத் தொறந்து வச்சிக்கிட்டு, பசங்களைப் பாத்து போ போன்னு கையை ஆட்டியிருக்கா. ஏதோ ஆட்டு மந்தையை விரட்டுற மாதிரி. அவ நல்லா இருப்பாளா?"

ஜூடித் காபியைக் கீழே வைத்தாள். இப்போது எழுந்து போய்விட்டால் யாருக்கும் தெரியாது. பழத்தைக் கொடுத்தாயிற்று, விசாரித்தாயிற்று. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை.

"வான்மதி, அந்தப் பொம்பள நான்தாம்மா," என்றாள். "நான் போன்னு சொல்லல. வான்னுதான் கூப்பிட்டேன்."

வான்மதியின் முகத்தில் இருந்த இரத்தம் எங்கே போனதென்று தெரியவில்லை. வாசலைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள்.  மாளவிகாதான் எப்படிக் கூப்பிட்டீங்க, காட்டுங்க என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஜூடித் கையை நீட்டிக் காட்டினாள். அந்தப் பெண் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அம்மாவிடம்கூடப் பேசாத தமிழை எங்கிருந்தோ தேடி எடுத்துப் பேசினாள்.

"எங்கம்மா இப்படித்தான் கூப்பிடுவாங்க. வீட்ல பாத்தா எனக்குத் தெரியும், இது வா. பட் அங்க நான் ஜாக்கெட்டைத்தான் பாத்தேன் ஆன்ட்டி. உங்க ஃபேஸைப் பாக்கல. பாத்திருந்தா வந்திருப்பேன்."

ஜூடித் அழுதுவிட்டாள். அடக்கவும் முயலவில்லை. அந்த மைதானத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள். அவள் கையைப் படிக்கத் தெரிந்த ஒரே பிள்ளை அன்றைக்கு நான்காம் படியில் அவளுக்கு நேர் எதிரே நின்றிருக்கிறது. விழுந்ததும் அந்தப் பிள்ளைதான்.

வான்மதி ஆரஞ்சுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாளவிகா இடது கையை நீட்டி, டிஷ்யூ டப்பாவை ஜூடித்தின் பக்கம் தள்ளினாள்.