வில்லி கட்டிய சேலை

இன்று மாமியாருக்குச் சேலை எடுக்கக் குமாரபாளையம் போனேன். கடைக்காரர் டிவியில் சீரியல் பார்த்துக்கொண்டே பேசினார்.

“நல்லவளா வர்ற நடிகை கட்டற சேலைய யாரும் கேக்கறதில்லீங்க. வில்லி கட்டறது ஒரே வாரத்துல தீந்துருது. பொருளாதாரம்னா அவ்வளவுதானுங்க.”

பச்சைச் சேலை ஒன்று எனக்குப் பிடித்துவிட்டது. எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

“இதுவும் வில்லி சேலைதானுங்க. சொல்லாம விக்கறது யாவார தர்மமில்லீங்க.”

தயக்கத்தோடுதான் வாங்கி வந்தேன். மாமியார் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார்.

“ஏஞ்சாமி, மருமகளப் படுத்தி எடுக்கறாளே, அவ கட்டுனதாச்சே இது?”

மாற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்று பில்லைத் தேடினேன்.

“எத்தன நாளாத் தேடிட்டிருந்தேன்” என்று தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

அந்தச் சீரியலை நான் பார்ப்பதில்லை. பார்ப்பவர்கள் சொல்லுங்கள், மருமகள் எப்படிச் சமாளிக்கிறாள்?