கன்னியம்மா அக்கா சொன்னதும் நான் சொன்னதும்

மண்ணோடு பிடுங்கிய பச்சை வேர்க்கடலையின் வாசனை... நேற்று நாவலூர் காய்கறிக் கடை வாசலில் அது மூக்கில் ஏறியதும் ஹன்னா ஞாபகம் வந்துவிட்டது.

தொண்ணூறுகளின் நடுவில், செய்யூர் பக்கம் எங்கள் ஊருக்கு டென்மார்க்கிலிருந்து ஒரு வருஷ வாலண்டியராக வந்தவள். ஊருக்குக் கக்கூஸ் கட்டித்தர ஒரு தொண்டு நிறுவனம் கூட்டி வந்தது. ப்ளஸ் டூ முடித்த நான்தான் அவளுக்கு மொழிபெயர்ப்பாளர்.

அம்மாவும் அக்காவும் அடுத்தவர் கொல்லையில், அதாவது நிலத்தில், கூலிக்குக் கடலை ஆய்ந்த வீட்டில், மாதச் சம்பளம் என்று முதலில் வாங்கியது நான்தான். அவள் மனசு நொந்து ஊருக்குக் கிளம்பிவிட்டால், நானும் கொல்லைக்குத்தான் போகவேண்டும்.

அதனால் ஊர்க்காரர்கள் திட்டினால்கூட இங்கிலீஷில் இனிப்பாக மாற்றிவிடுவேன். மாட்டிக்கொள்வேன் என்ற பயமே கிடையாது. அவளுக்குத் தமிழ் சொல்லித்தந்ததும் நான்தானே... எல்லாம் பாடப்புத்தகத் தமிழ். "வீடு இருக்கிறது." "என்ன வேண்டும்?" எங்கள் ஊர்ப் பேச்சைச் சொல்லித்தர எனக்கே வெட்கம்.

சாயங்காலமானால் அவள் கொல்லைக்குப் போய்ப் பெண்களோடு உட்கார்ந்து கடலை ஆய்வாள். பாவம், வீட்டு நினைப்பில் அழுதுகொண்டு கிடப்பதற்கு இது தேவலை என்று விட்டுவிட்டேன். ஹன்னா என்ற பெயர் அங்கே அன்னம்மா ஆகிவிட்டது.

ஒருநாள் பால்வாடியில் மீட்டிங். எங்கள் தெருக் கன்னியம்மா அக்கா எழுந்தார்.

"கக்கூஸ் கட்றாங்களாம் கக்கூஸு! குடிக்கவே தண்ணி இல்ல. ஒரு கொடத்துக்கு ரெண்டு மைலு நடந்துகினு கீறோம். மொதல்ல அத்த இன்னான்னு கேக்கச் சொல்லு."

"எல்லோருக்கும் ரொம்ப சந்தோஷமாம், நன்றி சொல்கிறார்கள்" என்று இங்கிலீஷில் அள்ளிவிட்டேன்.

ஹன்னா என் பக்கம் திரும்பினாள்.

"இல்ல செல்வி. அக்காவுக்கு சந்தோசம் இல்ல. ரெண்டு மைலு நடந்துகினு கீறாங்க."

பால்வாடியே குலுங்கிச் சிரித்தது. "அடியே, அன்னம்மாவுக்கு எல்லாம் புரியுதுடி!" எனக்கு மட்டும் உடம்பெல்லாம் கூசியது.

பஸ் ஸ்டாப்பில் ஹன்னாவிடம் கேட்டேன். "எத்தன நாளா புரியுது?"

"ரெண்டு மாசம். நீயே நெஜத்த சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாள் தொண்டு நிறுவன ஆபீஸில் டைரக்டர் சார், "மீட்டிங்ல என்ன சொன்னாங்க?" என்றார். ஹன்னா என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன். கன்னியம்மா அக்கா சொன்னதை ஒரு வார்த்தை குறைக்காமல், இத்தனை நாள் மாற்றிச் சொன்னது நான்தான் என்பதையும் சேர்த்து. வேலை போனால் போகட்டும் என்று ஆகிவிட்டது.

போகவில்லை. சார் முறைத்துவிட்டு, "இனிமே இப்படியே சொல்லு" என்றார். கக்கூஸுக்கு முன்னால் ஊருக்குத் தண்ணீர் வர போர்வெல் போட்டார்கள்.

இன்று எனக்கு நாவலூரில் ஐ.டி. ஆபீஸ். வெளிநாட்டு க்ளையன்ட் கத்தினால், கத்தினார் என்றே டீமிடம் சொல்வேன். மேனேஜருக்கு என்னைக் கண்டால் கொஞ்சம் உதறல்தான். இருக்கட்டும்.

ஆனால் வீட்டில் பிள்ளைகள் இங்கிலீஷ், அபார்ட்மென்டில் எல்லோரும் டீசென்ட் தமிழ். அம்மாவும் போய்விட்டார். என்னிடம் 'வூடு' என்று சொல்ல ஆளில்லை...

நேற்று அந்தக் கடலையை வாங்கி அவித்து, போட்டோ எடுத்து டென்மார்க்குக்கு அனுப்பினேன். ஐந்தே நிமிஷத்தில் வாய்ஸ் மெசேஜ்.

"இன்னாடி செல்வி, தனியா துன்னுகினு கீறியா? எனக்கு எங்கடி?"