யாருக்கும் ஒன்னுமில்ல, ஒரு கேள்விதான்

காலை ஏழு இருபது. செம்பனை நாற்றுமேட்டில் அப்போதுதான் வெளிச்சம் வந்தது. மதுரையில் கடிகாரம் இதே ஏழு இருபதைக் காட்டும்போது வெயில் சட்டைக்குள் இறங்கியிருக்கும்; மலேசியக் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. கோலசிலாங்கூருக்கு வந்து சில ஆண்டுகளாகியும், இருட்டில் வேலைக்குக் கிளம்புவது எனக்குத் திருடப் போவதுபோலவே இருக்கிறது. முதலில் கண்ணில் பட்டவர், ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் சரோஜா. நாற்றுப் பைகளுக்கு நடுவே தேவியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "எப்படி இருக்க, தேவி?" என்று மெல்லக் கேட்டுவிட்டு, பேசாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் நான் கற்றுக்கொடுத்தபடி.

தேவி கையிலிருந்த மண்வாரியைக் கீழே போட்டாள்.

"லோரியா, அக்கா?" என்றாள்.

பதிலுக்குக் காத்திராமல் மோட்டார்சைக்கிளை நோக்கி ஓடினாள். அவள் கணவர் தஞ்சோங் காராங் பக்கம் நெல் லோரி ஓட்டுகிறவர். பின்னால் சரோஜா, அவருக்குப் பின்னால் நான். நாற்றுமேட்டு வாசலில் மறித்து, கன்றுகளுக்கு அவள் ஊற்றும் தண்ணீரைப் பற்றிப் பேசத்தான் வந்தோம் என்று புரியவைப்பதற்குள், தேவி ஒப்பாரியில் பாதி தூரம் போயிருந்தாள்.

என் வேலை, மேற்பார்வையாளர்களை 'கோச்' ஆக்குவது. கோச் உத்தரவு போடமாட்டார். கேள்வி கேட்பார், பதில் வரும்வரை காத்திருப்பார். அந்தக் காத்திருப்பு எனக்குப் பழைய தொழிலில் கிடைத்தது. மதுரையில் நாளிதழ் நிருபராக இருந்தபோது, கேள்வியைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வேன். எங்கள் ஊர்க்காரர்களால் மௌனத்தைத் தாங்க முடியாது. ஒரு கவுன்சிலர் அந்த இடைவெளியை நிரப்பப்போய், தன் மைத்துனருக்கு எந்தெந்த ஒப்பந்தம் போனது என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறார். ஊரில் பலித்தது இந்தத் தோட்டத்திலும் பலிக்கும் என்று நம்பியிருந்தேன்.

பலிக்காததன் காரணத்தைச் சரோஜாதான் சொன்னார். தோட்டத்தில் நல்லது, கெட்டது, திட்டு, கிண்டல் எல்லாமே வரிசைக்கு வரிசை கத்திச் சொல்லப்படும். கத்தாமல் சொல்லப்படுவது ஒன்றே ஒன்று. வேலைக்காட்டில் இருப்பவருக்குச் சாவுச் செய்தி கொண்டுபோவது மண்டோரின் பொறுப்பு. கிட்டே போய் உட்கார வேண்டும், குரலைத் தாழ்த்த வேண்டும், நலம் விசாரிக்க வேண்டும், பிறகு சும்மா இருக்க வேண்டும்.

"நீங்க கிளாஸ்ல சொன்னப்பவே எங்கியோ பாத்த மாதிரி இருந்துச்சி சார். அப்பறந்தான் ஞாபகம் வந்துச்சி, எங்கப்பா செத்தப்ப அப்படித்தான் வந்து சொன்னாங்க."

வகுப்பிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். "சார் சொல்லிக் குடுக்கறப்ப குறுக்க பேசக்கூடாதுலா" என்றார். கேள்வி கேட்கப் பழக்கும் வகுப்பு அது.

சிரிப்பதற்கு அவருக்கு நேரமில்லை. நிர்வாகம் மண்டோர் பதவியையே எடுத்துவிடப் போகிறது. கோச் தேர்வில் தேறியவர்கள் இங்கேயே இருக்கலாம். தேறாதவர்களுக்குத் தொலைவில் பகாங் மாநிலத்தில் வேறு தோட்டம். மகள் ஐந்தாம் படிவம், பள்ளியின் கடைசி வகுப்பு, ஆண்டுக் கடைசியில் அரசாங்கச் சோதனை. மனைவி பகாங் போனால் சோறு யார் ஆக்குவது என்று கணவர் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டாராம். "அவருக்கு மட்டும் நான் கோச்சு இல்ல சார், அங்க இன்னும் மண்டோர்தான்."

தேர்வு அடுத்த வியாழக்கிழமை, அதே நாற்றுமேட்டில், காலைப் பெரட்டில் ஆள் எண்ணி முடித்த கையோடு. தலைமையகத்திலிருந்து வந்த மலாய் அம்மையார் மதிப்பெண் தாளோடு என் பக்கத்தில் நின்றார். கிட்டே போ, உட்கார், மெதுவாகப் பேசு, காத்திரு என்று அந்தத் தாளிலும் அதே நான்கு கட்டளைகள்தாம். சரோஜா வரிசையின் தலைமாட்டிலேயே நின்றுவிட்டார். இடுப்பில் கைவைத்து, மேடு முழுக்கக் கேட்கும்படி கத்தினார்:

"தேவி! யாருக்கும் ஒன்னுமில்ல! லோரியும் நல்லா இருக்கு! ஒரு கேள்விதான், கேக்க வர்றேன்!"

பிறகு நடந்து போய், குந்தி உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினார். "ஓரத்துக் கன்னு மட்டும் மஞ்சளாவுது. ஏன்னு நெனைக்கிற?"

தேவி கன்றைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். ஓடவில்லை. கடைசியில், ஓரத்துக் குழாய் இரவெல்லாம் ஒழுகுகிறது, அதற்கு மேல் தானும் ஊற்றுகிறேன் போலிருக்கிறது என்றாள். இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று சரோஜாவின் வாய்வரை வந்தது. உதட்டைக் கடித்து விழுங்கியதை நான் பார்த்தேன்.

முதலில் கத்தியது என்ன என்று அம்மையார் கேட்டார். எனக்குத் தெரிந்த மலாயில், யாருக்கும் ஆபத்தில்லை, லோரியும் பத்திரம் என்று சொன்னதாகச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. வேலையிடப் பாதுகாப்பை நினைவூட்டிவிட்டுத் தொடங்கிய முதல் ஆள் இவர்தான் என்று, தாளின் அடியில் இருந்த பாதுகாப்புக் கட்டத்தில் முழு மதிப்பெண் போட்டார். திருத்துவதற்கு வேண்டிய மலாய் என்னிடம் இருந்தது. பயன்படுத்தவில்லை.

சரோஜா தேறினார். மகளுக்குப் போன் போட்டு, ஊருக்கே கேட்கும்படி கத்திச் சொன்னார். எனக்கும் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. நாற்றுமேட்டு ஓரமாகப் போய் மதுரையில் இருக்கும் அக்காவை அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் ஒரு நொடி பேசாமல் இருந்தேன்.

"யாருக்குடா என்ன ஆச்சு?" என்றாள்.

ஊரில் இன்னும் விடியவில்லை.