இரண்டாவது அடையாளம்

ராயபுரத்தில் மோட்டார் லைசென்ஸ் கொடுக்கும் ஆபீஸில் அவர் குமாஸ்தா. பெயர் தெரியாது, தெரிந்துகொள்ளவும் எனக்கு விருப்பமில்லை. எண்ணெய் வழியப் படிய வாரிய தலை. ஒவ்வொரு ஃபாரம் எழுதி முடித்ததும் பேனா முள்ளை அந்தத் தலையிலேயே துடைத்துக்கொள்வார்.

பெட்ரோல் கிடைக்காத யுத்த காலம். லாரிகள் பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு அந்த வாயுவில் ஓடின. துறைமுகத்தில் மூட்டைகளுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்த நான், அப்படியொரு லாரியில் ஓட்டக் கற்று, பரீட்சையிலும் தேறியிருந்தேன். டிரைவர் வேலை காத்திருந்தது.

"அங்க அடையாளம் ரெண்டு சொல்லு."

"கன்னத்துல மச்சம் ஒண்ணுதான் கீது சார்."

"ஃபாரத்துல ரெண்டு கேட்டிருக்கு."

"இல்லாததுக்கு நான் இன்னா சார் பண்றது?"

"அது உன் பாடு."

லஞ்சத்துக்கு அடிபோடுகிறார் என்று நினைத்து ஒரு ரூபாயை நீட்டினேன். அவர் அதைத் தொடவே இல்லை.

ஆத்திரத்தில் வெளியே வந்து, வாசலில் நின்ற ஒரு லாரியின் கரி அடுப்பில் முன்கையை அழுத்தினேன். மறுநாள் கொப்புளத்தோடு போய் நின்றேன். குனிந்து நிதானமாகப் பார்த்தார்.

"இது காயம். தழும்பானப்புறம் வா."

அதற்குள் வேலை வேறொருவனுக்குப் போய்விட்டது. தழும்போடு திரும்பியபோது, அது எப்படி வந்தது என்றுகூட அவர் கேட்கவில்லை. முத்து முத்தாக எழுதினார். முள்ளைத் தலையில் துடைத்தார்.

"இப்பதான் ஃபாரம் சரியா இருக்கு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் துளிக்கூடக் கெட்ட எண்ணம் இல்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.