யார் அந்த மற்றவர்கள்?

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு நின்றவள். வருஷம், தேதியெல்லாம் மறந்துபோகிறது. சபையில் வாய் திறந்து பேசியும் பழக்கமில்லை. நினைவு மலருக்கு அண்ணனைப் பற்றி எழுதுங்கள் அத்தை என்று அண்ணன் மகன் குமார் தாளைக் கொடுத்துவிட்டுப் போய்ப் பல நாளாகிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சொல்கிறது மனசு. பிழையிருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில். அப்பா காலத்திலேயே வயல் கைவிட்டுப் போனது. இருந்த ஒரு வேட்டியைத் துவைத்துத் துவைத்துக் கட்டிக்கொண்டு கல்லூரிப் படிப்பை முடித்தார்கள். சமூகவியல் வாத்தியாராகித் தச்சநல்லூரில் வீடு கட்டினார்கள். என் வீட்டுக்காரர் இறந்தபின் என்னையும் அழைத்து வைத்துக்கொண்டார்கள். மதினி போனபின் பிள்ளைகள் கோமதியையும் குமாரையும் நான்தான் பார்த்துக்கொண்டேன்.

அண்ணனுடைய படிப்பு என்ன படிப்பு என்று யாருக்கும் விளங்காது. எதிர்க்கடை அண்ணாச்சி ஒரு நாள் கேட்டே விட்டார்.

"சார், ஊர் வம்பு படிக்கதுக்கா சர்க்காரு சம்பளம் தருது?"

"வம்புதான் வே. எவன் செஞ்சான்னு நீரு கேப்பீரு. எல்லாவனும் ஏன் ஒண்ணு போலச் செய்யுதான்னு நான் கேப்பேன்."

அப்போது அண்ணாச்சியின் மகன் கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் வேலை போய் வீட்டிலிருந்தான். சோம்பேறி என்று தெருவே கேட்க ஏசுவார் அண்ணாச்சி.

"அவன் மட்டுந்தான் வீட்டுல இருக்கானா வே?"

"கூட நின்ன அத்தனை பேரையும் நிப்பாட்டிட்டானுவ சார்."

"அப்போ அத்தனை பேருக்கும் ஒரே நாள்ல சோம்பல் வந்துட்டோ?"

அண்ணாச்சி சிரித்துவிட்டார். அதோடு மகனை ஏசுவதை நிறுத்தினார்.

ஊராருக்கு இப்படிச் சொல்லத் தெரிந்த அண்ணன் சொந்த வீட்டில் தடுமாறினார்கள். மூத்தவள் கோமதி, கோயம்புத்தூரில் தன்னோடு வேலை பார்த்த செல்வத்தைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் நம் ஆட்கள் இல்லை. அண்ணன் ஏசவில்லை. வீட்டுக்கு அழைக்கவும் இல்லை. ஒரு பொங்கலுக்கு முந்தின நாள் கிழங்கு நறுக்கிக்கொண்டே எப்படியோ கேட்டுவிட்டேன்.

"கோமதிய வரச் சொல்லுவோமா அண்ணே?"

"எனக்கு ஒண்ணுமில்ல தாயி. மத்தவங்க மனசு கஷ்டப்படும்."

"யாரு அண்ணே அந்த மத்தவங்க?"

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார்கள். என்னவோ சொல்ல வந்து, "கேட்டுப் பாக்கணும்" என்று எழுந்து போனார்கள். கேட்பதற்குள் நெஞ்சுவலி வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கோமதி ஓடி வந்தபோது அண்ணனுக்குப் பேச்சு இல்லை. கண் மட்டும் அவள் போன பக்கமெல்லாம் போனது.

அன்று ராத்திரியே அண்ணன் போய்விட்டார்கள். மறுநாள் அண்ணனைக் குளிப்பாட்டும் நீர்மாலைக்குத் தண்ணீர் எடுக்க எல்லாரும் கிளம்பினார்கள். மருமகன் செல்வத்தைக் கூப்பிடுவாரில்லை. அவர் வாசலில் கிடந்த செருப்புகளை ஓரமாக ஒதுக்கி, போகிறவர்களுக்கு வழிவிட்டு நின்றார். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

வருஷத் திதி நெருங்கியது. கோமதியையும் செல்வத்தையும் அழைப்பார்களா, மலரில் பேர் போடுவார்களா என்று ஒருவரும் பேச்செடுக்கவில்லை. தனியாகப் பஸ் ஏறியறியாத நான், ஒவ்வொருவரையும் நேரில் கேட்டுவிடலாம் என்று கிளம்பிவிட்டேன்.

ஸ்ரீவைகுண்டத்தில் மதினியின் தம்பி வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்தார். "எனக்கென்னக்கா? பாளையங்கோட்டை அத்தான்தான் குதிப்பாக" என்றார்.

எங்கள் அத்தை மகனான அந்த அத்தானிடம் போனேன். "நான் என்னத்தச் சொல்லப் போறேன்? குமாருக்கு இனிமேதான் பொண்ணு பாக்கணும்லா, அவன்தான் யோசிப்பான்" என்றார்கள்.

வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் குமாரிடம் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எனக்கு ஒண்ணுமில்ல அத்தை. எல்லாரும் உங்களை நினைச்சுத்தான் பேசாம இருக்கோம்."

"என்னையா? நான் என்னலே சொன்னேன்?"

"நீங்க எங்க சொன்னிய? அக்கா கல்யாணச் சேதி வந்த அன்னைக்குச் சாப்பிடாம, சுவரைப் பாத்து முக்காடு போட்டுப் படுத்துட்டியளே. அப்பாகூடப் பாத்துட்டு வெளிய போயிட்டாங்க."

"ஏலே, அன்னைக்குக் காலையிலதான் கடவாப்பல்லைப் பிடுங்கிட்டு வந்தேன் லே!"

குமார் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் பாதியில் நின்றுவிட்டது. அண்ணன் அன்று ஏன் என் முகத்தைப் பார்த்தார்கள் என்று இப்போதுதான் புரிகிறது. ஊரெல்லாம் வீடு வீடாகப் போய்க் கேட்கத் தன்னிடம் படித்த பிள்ளைகளை அனுப்பியவர்கள், அடுக்களைக்கு வந்து என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ராத்திரியெல்லாம் அதே நினைப்பு. யாரிடம் போய்ச் சொல்ல?

அதனால் எல்லாருக்கும் தெரியும்படி இங்கே எழுதுகிறேன். எனக்கு வருத்தமில்லை. என்றைக்கும் இருந்ததில்லை. இனி யாரும் என்னைக் காரணம் சொல்ல வேண்டாம்.

அண்ணனை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடிய அண்ணாச்சியின் மகனுக்கும், துக்க வீட்டுக்குச் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், செருப்பை ஒதுக்கி வழிவிட்ட மருமகனுக்கும் என் நன்றி.

ஊர், வருஷம், முறை எல்லாம் தப்பாக எழுதியிருப்பேன். அச்சுக்குப் போகுமுன் விவரம் தெரிந்தவர்கள் யாராவது ஒருமுறை சரிபாருங்கள். குடும்பத்தார் பேர் போடும் பக்கத்தையும் பாருங்கள். கோமதி மூத்தவள். அவள் பேரும் செல்வம் பேரும்தான் முதலில் வர வேண்டும்.