சந்தாதாரர் வெளியூர் சென்றுள்ளார்

எனக்கு விடுப்பு, அதாவது ஊர்க்கதை அறிகிற ஆசை, அதிகம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. யார் எங்கே போகிறார், எதற்காகப் போகிறார் என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு செமிக்காது. அப்படிப்பட்ட ஒருத்தியைக் கொண்டுவந்து பிரதேச சபையில் முறைப்பாட்டுப் புத்தகத்துக்குப் பொறுப்பாக இருத்தினார்கள். பூனையை மீன் சட்டிக்குக் காவல் வைத்ததுதான்.

கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் ஊர்கள் எங்கள் சபைக்குரியவை. சுனாமியில் கடல் வந்துபோன பிறகு அங்கே வீட்டுத் திட்டங்கள் எழும்பின. ஒரே மாதிரி வீடுகள், ஒரே வரிசையில். ஒரு வரிசைக்கு ஒரு கம்பி இழுத்தால் இருபது வீட்டுக்குப் படம் காட்டலாம் என்று முதலில் கண்டுகொண்டவர் பக்கத்து முஸ்லிம் ஊர்க்காரர் ஒருவர். வளைகுடாவில் பத்து வருடம் கம்பங்களில் ஏறி இறங்கியவர். அண்ணனைக் காக்கா என்பது அவர்கள் வழக்கம்; ஊரில் அவருக்குப் பேர் இல்லை, எல்லாருக்கும் அவர் கேபிள் காக்கா.

படத்தில் என்ன ஓடுகிறது என்று கேட்கச் சபைக்கு அதிகாரம் இல்லை. கம்பி சபையின் தெருவைக் கடக்கிறது, கம்பம் சபையின் நிலத்தில் நிற்கிறது, அந்த அளவுக்குத்தான் எங்கள் வாய் நீளும். அனுமதிப் பத்திரத்தின் நிபந்தனைகளை நான்தான் தட்டச்சு செய்தேன். முறைப்பாடு வந்தால் மூன்று நாளில் திருத்த வேண்டும். முறைப்பாட்டில் சந்தாதாரரே கையொப்பமிட வேண்டும். அந்த வீட்டில் வசிப்பவருக்கு மட்டுமே இணைப்புக் கொடுக்கலாம். வேறொரு சபையின் பத்திரத்தைப் பார்த்து அப்படியே தட்டினேன். எல்லாவற்றுக்கும் ஏன் என்று கேட்கிற நான் அன்றைக்கு மட்டும் கேட்கவில்லை.

முறைப்பாடு எழுத வருகிறவர்களுக்கு எங்கள் அதிகார எல்லை பற்றிக் கவலை கிடையாது. நாடகத்தில் மாமியார் திருந்திவிட்டது சரியில்லை என்று ஒருவர் எழுதினார். பக்கத்து வீட்டில் அதே படம் கூடுதல் நிறமாகத் தெரிகிறது என்று இன்னொருவர். வட்டை வயலுக்குள்ளால் இழுத்த கம்பியில் எருமை முதுகு தேய்க்கிறது, தேய்க்கும் நேரமெல்லாம் படம் ஆடுகிறது என்று நிலபுலமுள்ள ஒரு போடியார் எழுதிவிட்டு, எருமை தன்னுடையதல்ல என்பதையும் கீழே குறித்திருந்தார். எல்லாவற்றையும் நான் ஆசையாக வாசிப்பேன். ஒரு ஊர் என்ன பார்க்கிறது என்பதைவிட, எதைப் பார்க்க முடியாமல் போனதற்குக் கோபிக்கிறது என்பதில்தான் அதன் குணம் தெரிகிறது.

ஓர் அம்மா செவ்வாய்க்கிழமைகளில் வருவார். பாலர் பாடசாலையில் இலைக்கஞ்சி காய்ச்சுகிறவர். கஞ்சிப் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கை ஈரத்தைச் சீலையில் துடைத்தபடி கந்தோருக்குள் நுழைவார்.

"புள்ள, படம் முழுக்கப் புள்ளி புள்ளியா விழுகுது. முகம் ஒண்டும் தெரியுதில்ல."

"எந்த நேரத்தில அம்மா?"

"நியூஸ் நேரத்தில."

இங்கேதான் என் காது நிமிர்ந்தது. செய்தி தெரியவில்லை என்று முறைப்பாடு செய்ய அதுவரை ஒருவரும் வந்ததில்லை. காக்கா ஆள் அனுப்பிப் பார்த்தும் சரிவரவில்லை, அடுத்த செவ்வாயும் வந்தார். அதற்கடுத்ததும் வந்தார். செய்தி நேரம், முகம் தெரியவில்லை. மூன்றாம் தரம் அவர் புத்தகத்தில் பேர் எழுதுவதைக் கவனித்தேன். ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி, யோசித்து எழுதினார். தன்னுடைய பேரை யாரும் அப்படி எழுத மாட்டார்கள்.

"இது உங்கட பேரா அம்மா?"

"என்ட மகள்ட பேரு. வீடு அவள்ட பேரிலதானே. மறுகா கேபிளும் அவள்ட பேரிலதான்."

எங்கள் பக்கத்தில் இது அதிசயம் இல்லை. வீடு பெண்பிள்ளைக்கு. மகள் கலியாணம் முடித்தால் மருமகன் வந்து அந்த வீட்டில் இருப்பார், பெற்றவர்கள் பின்னால் ஒரு குடில் போட்டு ஒதுங்குவார்கள். கடல் கொண்டுபோன வீடுகளுக்குப் பதில் வீடு தருவதற்குப் பேர் எழுத வந்தபோது, இந்த அம்மா இரண்டாம் யோசனை இல்லாமல் மகளின் பேரைச் சொல்லியிருக்கிறார். மருமகன் மேசன். வீட்டு வேலை முடிந்த கையோடு வன்னியில் கட்டட வேலை இருக்கிறது என்று போனார். ஆறு மாதம்தானே என்று மகளும் கூடப் போனாள். வயிற்றில் அப்போது பிள்ளை. ஆறு மாதம் முடிவதற்குள் சண்டை மூண்டு பாதையை மூடிவிட்டார்கள். கடிதம் வந்தது, பிறகு அதுவும் நின்றது. இவ்வளவையும் நான் நாலு செவ்வாய்களில் கேட்டு எடுத்தேன். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கேட்காமலும் இருக்க முடியவில்லை.

அந்த வருடம் சபைக்குப் புதுச் செயலாளர் வந்தார். நேர்மையானவர், அதனாலேயே தொல்லை. முறைப்பாட்டுப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். ஒரே சந்தாதாரர் இத்தனை முறைப்பாடா என்று விசாரிக்கப் போய், சந்தாதாரர் அந்த வீட்டில் இல்லை என்பது வெளியே வந்தது. பத்திரத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இங்க எழுதியிருக்கிறது என்ன? வசிப்பவருக்கு மட்டும். ரெண்டு கிழமைக்குள்ள பேரை மாத்தட்டும். இல்லையெண்டா இணைப்பை வெட்டச் சொல்லுங்க."

கேபிள் காக்காவிடம் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். "எனக்கு ஆர்ட பேர் இருந்தா என்ன தங்கச்சி? வாப்பா பேரில, மௌத்தாகிப் போனவங்கட பேரில எல்லாம் இருக்கு. ஆனா சபை வெட்டச் சொன்னா நான் வெட்டத்தானே வேணும்."

பேர்மாற்றப் படிவத்தை நானே நிரப்பி வைத்தேன். ஒரு கையொப்பம் போட்டால் முடிந்தது, அம்மாவுக்கு நல்லது செய்கிறேன் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு. செவ்வாய்க்கிழமை அவர் வந்ததும் நீட்டினேன். அவர் படிவத்தை எழுத்துக் கூட்டி வாசித்து முடித்தார். பிறகு மேசையில் குப்புற வைத்தார்.

"மகள்ட பேர வெட்டிப்போட்டு என்ட பேரப் போடச் சொல்றியா?"

"கேபிளுக்கு மட்டும்தான் அம்மா. வீட்டுக்கு இல்ல."

"இண்டைக்குக் கேபிள். நாளைக்குக் குடும்ப அட்டை. மறுகா வீடு. எல்லாம் என்ட பேரில கிடந்தா அவள் எங்க புள்ள வந்து இறங்குவாள்?"

குப்புறக் கிடந்த படிவத்தை எடுத்து லாச்சிக்குள் வைத்தேன். பேர் அங்கே இருக்கும்வரை அவள் வரவேண்டியவள், எடுத்துவிட்டால் போனவள். அந்த அம்மாவின் கணக்கு அவ்வளவுதான். நான் அதில் கைவைக்கப் பார்த்திருக்கிறேன். இரண்டு வாரத் தவணை முடிய நாலு நாள் இருந்தது.

கள அறிக்கை ஒன்று எழுதலாம் என்று விதியில் ஒரு சந்து கண்டுபிடித்தேன். வீட்டைப் போய்ப் பார்த்து, வசிப்போர் யார் என்று எழுதிக் கொடுத்தால் செயலாளர் அதைப் பார்க்கத்தான் வேண்டும். காக்காவையும் கூட்டிக்கொண்டு பின்னேரம் போனேன். உண்மையைச் சொன்னால், உதவுகிற எண்ணம் பாதி, அந்த வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கிற ஆசை பாதி.

வரிசையின் கடைசி வீடு அது. அதற்கப்பால் சதுப்பில் வளரும் கண்ணாப் பற்றை, பிறகு வாவி. மகளின் வீட்டில் மகளின் அறை பூட்டிக் கிடந்தது. அம்மா விறாந்தையில்தான் படுக்கிறார். காக்கா ஏணியை வைத்து ஏறி, உப்புக் காற்றில் பச்சை பிடித்துப்போன கம்பி இணைப்பைக் கழற்றிச் சுரண்டி மாட்டினார். பக்கத்து வீட்டாரெல்லாம் மூன்று முறைப்பாட்டோடு நிறுத்திவிட்டு நாடகத்தைப் புள்ளியோடு பார்க்கப் பழகிக்கொண்டார்களாம்.

"இப்ப தெரியுதா அம்மா?" என்று மேலேயிருந்து கேட்டார்.

"இன்னும் கொஞ்சம்."

"இப்ப?"

படம் வந்துவிட்டது. வன்னியில் சனங்கள் நெஞ்சளவு தண்ணீரைக் கடந்து கரையேறிக்கொண்டிருந்தார்கள். மூட்டைகள், பிள்ளைகள், தோளில் தூக்கிய கிழவர்கள். அம்மா பெட்டிக்கு ஒரு முழம் முன்னால் குந்தியிருந்தார்.

"முகம் பார்க்க ஏலாது புள்ள, அதுக்குள்ள படத்த மாத்திருவாங்க. நான் நடையப் பார்க்கன். சின்னனில மகள் வாவிக்குள்ள மட்டி பொறுக்கப்போய் வலக்கால் பாதத்தில சிப்பி வெட்டின. அண்டையில இருந்து அந்தக் கால அவள் சரிச்சுத்தான் வைப்பாள்."

நானும் குந்தினேன். காக்கா இறங்கி வந்து வாசலில் நின்றார். நாங்கள் மூன்று பேரும் சேறு பூசிய கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சரித்து வைக்கிற கால்கள் நிறைய இருந்தன. காயத்தோடு நடக்கிற எல்லாரும் அப்படித்தான் நடந்தார்கள். செய்தி முடிந்து விளம்பரம் வந்ததும் அம்மா எழும்பித் தேத்தண்ணி ஊற்றப் போனார். எனக்கு அழுகை வந்தது. காக்கா வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அறிக்கையில் 'வீட்டில் வசிப்போர்' என்றொரு அட்டவணை இருந்தது. பேர், உறவு, குறிப்பு. முதல் வரியில் மகளின் பேரை எழுதினேன். உறவு, சந்தாதாரர். குறிப்பில் 'தற்காலிகமாக வெளியூர் சென்றுள்ளார்' என்று எழுதினேன். இரண்டாவது வரியில் தாய். காக்கா சாட்சிக்குக் கையொப்பம் வைத்தார்.

செயலாளர் வாசித்துவிட்டு, "வெளியூர் எண்டா எங்க?" என்றார்.

"வன்னிக்கு, சேர்."

அவர் வீட்டிலும் தொலைக்காட்சி இருக்கும். பேனையை எடுத்துச் சுருக்கொப்பம் வைத்துத் தந்தார். இணைப்பு வெட்டப்படவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் அம்மாவும் வருவதை நிறுத்திவிட்டார், படம் தெளிவாக இருந்ததால். அவர் வராதது எனக்குத்தான் பொறுக்க முடியாமல் இருந்தது.

சண்டை முடிந்த செய்தி வந்தது. முகாம்களில் இருந்தவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறார்கள் என்றும் கேள்விப்பட்டோம். மாரி மழை பிடிக்கத் தொடங்கியிருந்த ஒரு நாள், இடுப்பில் மூன்று வயதுப் பெண்பிள்ளையோடு ஒருத்தி கந்தோர் படியேறினாள். நான் முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தேன். வலது பாதத்தைச் சரித்து வைத்தாள்.

"முறைப்பாடு ஒண்டு எழுத வேணும். பின்னேரத்தில காட்டூன் படம் வருகுதில்ல. புள்ள அழுறாள்."

புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். யோசிக்காமல் மளமளவென்று பேரை எழுதினாள். பிறகு பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினாள். தன் பேர் தாயின் எழுத்தில் கிழமைக்குக் கிழமை நிற்பதைக் கண்டாள். ஒரு திகதியில் விரலை வைத்தாள்.

"அண்டைக்கு நாங்க கடற்கரையில பதுங்குகுழி வெட்டிக்கொண்டு இருந்தம்," என்றாள். "இங்க நான் படம் தெளிவில்லையெண்டு சொல்லியிருக்கன்."

சிரித்தாள். சிரிப்பு முடிகிற இடத்தில் முகம் உடைந்து, பிறகு சரியானது. குழந்தை என் இறப்பர் முத்திரையை எடுத்து மேசையில் குத்திக்கொண்டிருந்தது.

அவள் திரும்பி வந்துவிட்டதால் வசிப்போர் அட்டவணையைப் புதிதாக எழுத வேண்டியிருந்தது. பழைய அறிக்கையைக் கோவையில் இருந்து எடுத்தேன். அவள் பேருக்கு எதிரே இருந்த குறிப்பை நெடுநேரம் வாசித்தாள்.

"இத ஆர் எழுதின?"

"நான்தான்."

புதுத்தாளில் அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். அவள், தாய், பிள்ளை. மூன்று பேரோடு நிறுத்திப் பேனையை வைத்தேன். அவள் எழும்பவில்லை. நாலாவதாகப் புருசனின் பேரைச் சொன்னாள். எழுதினேன். உறவு, கணவர். குறிப்பு என்ற கட்டத்துக்கு வந்து நிமிர்ந்து பார்த்தேன்.

"எனக்கு எழுதின மாதிரி அவருக்கும் எழுதுவீங்களா அக்கா?"

எழுதினேன். எந்த ஊர் என்று கேட்கவில்லை.